பிளேடிலிருந்து பிளக் வரை: லேசரை அளந்த கதை

1960 மே 16-ஆம் தேதி, கலிபோர்னியாவின் மாலிபூவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மெய்மன் ஒரு ரூபிக் கம்பியிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். ஒன்றிரண்டு வருஷத்துக்குள் ஆளாளுக்கு ரூபி லேசர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சரி, கட்டியாச்சு. "உங்களுடையது எவ்வளவு சக்தி?" என்று பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் காலத்தில் பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும் ஓடிய பதில், "நாலு ஜில்லெட்." ஷேவிங் பிளேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்து லேசரை ஒருமுறை அடிப்பது. எத்தனை பிளேடில் ஓட்டை விழுகிறதோ அத்தனை ஜில்லெட்.

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் முட்டாள்தனம் இல்லை. எல்லோர் கையிலும் கிடைக்கிற, ஓரளவு ஒரே தடிமனில் இருக்கிற இரும்புத் தகடு அது. பிரச்சினை வேறு இடத்தில். லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒளிப்புள்ளி பெரிதாகி, நாலு ஜில்லெட் லேசர் ஒரு ஜில்லெட் ஆகிவிடும். லேசரில் எதுவும் மாறவில்லை, அளவு மட்டும் மாறிவிட்டது. பளபளவென்றிருக்கிற பிளேடு ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

அப்போ சரியான அளவி எப்படி இருக்க வேண்டும்? இரண்டு பாகம் வேண்டும். ஒளியை வாங்கி ஒரு சின்ன மின்குறியாக மாற்றுகிற சென்சார் ஒன்று. ஆய்வுக்கூடங்களில் இதை 'ஹெட்' என்பார்கள், நான் 'தலை' என்றே எழுதுகிறேன். அந்த மின்குறியைப் படித்து வாட் கணக்கில் காட்டுகிற மீட்டர் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது சரக்கு ஒன்று இருக்கிறது: ஓர் எண். 'ஒரு வாட் ஒளி விழுந்தால் இந்தத் தலை இவ்வளவு மில்லிவோல்ட் தரும்' என்கிற எண். லேசர் அளவியின் சரித்திரத்தைப் புரட்டினால், அந்த எண் எங்கே வைக்கப்பட்டிருந்தது, யார் கையில் இருந்தது என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த ஜோடி லேசரை விட 130 வயது மூத்தது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகம் பிரித்த வண்ணங்களில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் சூடு அதிகமாக இருப்பதைக் கண்டார். அகச்சிவப்பு அப்படித்தான் கிடைத்தது. ஆனால் தெர்மாமீட்டர் மந்தமான கருவி. 1821-ல் பெர்லினில் சீபெக், இரண்டு வெவ்வேறு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் பக்கத்திலிருக்கும் திசைகாட்டி முள் நகர்வதைப் பார்த்தார். அவர் அதைக் காந்த விளைவு என்றே நம்பினார். உண்மையில் அது மின்னோட்டம். இப்படிப்பட்ட இணைப்புகளைப் பல அடுக்கினால் குறி பெருகும். இத்தாலியர்கள் நோபிலியும் மெலோனியும் 1830-ஐ ஒட்டிய வருஷங்களில் செய்தது அதைத்தான். அந்த அடுக்குக்குத் தெர்மோபைல் என்று பெயர்.

அதைத் தனியாக வைத்தால் பயனில்லை. நோபிலியே வடிவமைத்த நுட்பமான கால்வனோமீட்டரை அதோடு இணைத்தார்கள். 'தெர்மோமல்டிப்ளையர்' என்ற பெயரில் இரண்டும் சேர்ந்து ஒரே கருவி. முப்பதடி தள்ளி நிற்கிற மனிதனின் உடல் சூட்டையே அந்த முள் உணர்ந்ததாம். பார்மா நகரப் பேராசிரியராக இருந்த மெலோனி, அங்கே நடந்த அரசியல் கலகத்தில் சிக்கிப் பாரீஸுக்குத் தப்பிப்போனார். அங்கே போயும் இந்த ஆராய்ச்சியைத்தான் தொடர்ந்தார். நமக்கு முக்கியமான விஷயம் இது: தலையும் முள்ளும் சேர்ந்தே பழகியவை. இந்தத் தெர்மோபைலைக் கழற்றி வேறொரு கால்வனோமீட்டரில் மாட்டினால் பழைய அட்டவணை செல்லாது. எண் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, அதுவும் அந்த ஒரு ஜோடிக்கு மட்டும்.

அப்போதும் அந்த முள் வாட் சொல்லவில்லை. இது அதைவிட இரண்டு மடங்கு என்று ஒப்பிட்டுத்தான் சொன்னது. அதை உடைத்த யோசனை 1890-களில் வந்தது. ஸ்வீடனில் குனுட் ஓங்ஸ்ட்ரோம், ஜெர்மனியில் குர்ல்பாம், இருவரும் தனித்தனியாக அடைந்தார்கள். கருப்புப் பூசிய ஒரு பட்டையில் ஒளியை விடு. அதேபோன்ற இன்னொரு பட்டையை நிழலில் வைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கு. இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை மின்சாரத்தைக் கூட்டு. வந்ததும் நிறுத்திப் பார்: பட்டை வாங்கிய ஒளியின் சக்தியும் நீ கொடுத்த மின்சக்தியும் சமம். மின்சக்தியை வோல்ட், ஆம்பியர் வைத்துத் துல்லியமாக அளக்கத் தெரியும். ஆகவே ஒளியும் வாட்டில் கிடைத்துவிட்டது. தராசில் ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் படிக்கல் வைக்கிற அதே தந்திரம்தான். ஓங்ஸ்ட்ரோம் இதை வைத்து வெயிலை அளந்தார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்று எந்த லேசர் மீட்டர் காட்டுகிற எண்ணையும் பின்னோக்கித் துரத்திக்கொண்டே போனால், பெரும்பாலும் இப்படி ஒரு மின்சாரப் படிக்கல்லில்தான் போய் முடியும்.

லேசர் வந்ததும் பழைய வெயில் கருவிகள் திணறின. ரூபி லேசர் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மொத்த ஆற்றலையும் கொட்டிவிடும். மெல்லிய கருப்புப் பூச்சு கருகிப்போகும். அப்போது வந்த ஒரு தீர்வின் பெயர் 'எலிக்கூடு'. கேலிக்கு வைத்த பெயரில்லை, கட்டுரைகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியைத் தாறுமாறாகச் சுருட்டி ஒரு குடுவைக்குள் திணித்துவிடுவார்கள். உள்ளே போகிற லேசர் ஒளி கம்பிக்குக் கம்பி மோதிச் சிதறி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உறிஞ்சப்படும். கம்பி சூடாகும், மின்தடை கூடும், அதை அளந்தால் ஆற்றல் தெரியும். இதிலிருக்கும் அழகு: சூடு கம்பியின் எந்த இடத்தில் விழுந்தாலும் பரவாயில்லை. ஒரே நீளக் கம்பி என்பதால் எல்லா இடத்து மாற்றமும் தானாகவே கூட்டப்பட்டுவிடுகிறது. பிளேடுக்கு இருந்த ஒளிப்புள்ளித் தொல்லை இங்கே இல்லை.

அமெரிக்கத் தேசியத் தர நிலையத்தின் போல்டர் ஆய்வுக்கூடத்தில் ஓங்ஸ்ட்ரோம் வழியை லேசருக்கு ஒழுங்காகக் கொண்டுவந்தார்கள். 1972-ல் வெஸ்ட், கேஸ், ராஸ்முசன், ஷ்மிட் நால்வரும் லேசர் ஆற்றலுக்கான ஆதாரக் கலோரிமீட்டரைப் பற்றி எழுதினார்கள். ஒளியை விழுங்கும் ஒரு குழி, அதில் சுற்றிய மின்சூடேற்றி, சுற்றிலும் வெப்பநிலை மாறாத உறை. அந்த வரிசைக் கருவிகள் பல பத்தாண்டு வேலை செய்தன. 1985-ல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் குவின், மார்ட்டின் இருவரும் இதே தத்துவத்தைத் திரவ ஹீலியக் குளிருக்குக் கொண்டுபோனார்கள். பிழை பத்தாயிரத்தில் ஒன்று என்கிற அளவுக்கு இறங்கியது. தரநிலையங்களின் கதை அவ்வளவுதான், அங்கே எல்லாம் ஒழுங்கு. ரகளை எல்லாம் சாதாரண மேஜைகளில்.

மேஜைக்கு வந்த தலைகள் மூன்று ஜாதி. தெர்மோபைல் தலையில் நடுவில் கருப்பு வட்டத் தகடு, சுற்றிலும் தெர்மோகப்பிள்கள். சூடு நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும்போது சின்ன மின்னழுத்தம் தரும். எந்த அலைநீளமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நிதானமாகத்தான் பதில் சொல்லும், ஓரிரு நொடி ஆகும். இரண்டாவது போட்டோடயோடு. மைக்ரோவாட்டுக்கும் கீழே அளக்கும், சட்டென்று பதில் வரும், ஆனால் தருவது மின்னோட்டம். மூன்றாவது பைரோமின் தலை. நிலையான ஒளிக்கு வாயே திறக்காது, துடிப்பு வந்தால் மட்டும் துடிப்புக்கு ஒரு மின்னழுத்தம் தரும்.

ஒன்று மில்லிவோல்ட் பேசுகிறது, ஒன்று மைக்ரோஆம்பியர் பேசுகிறது, ஒன்று துடிப்பு துடிப்பாகப் பேசுகிறது. ஒரே மீட்டரில் மூன்றையும் மாட்டலாம் என்றால் அந்த மீட்டருக்கு மூன்று பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். வந்திருப்பவர் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

போட்டோடயோடில் கூடுதல் சிக்கல் ஒன்று. அது எண்ணுவது ஒளித்துகள்களை, சக்தியை அல்ல. ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எலக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால், வாட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பது அலைநீளத்தை 1240-ஆல் வகுத்தால் கிடைக்கும். 633 நானோமீட்டர் சிவப்புக்கு 0.51. 405 நானோமீட்டர் ஊதாவுக்கு 0.33. உண்மையான சிலிக்கான் டயோடில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சிவப்புக்கு அமைத்த மீட்டரில் ஊதா லேசரைக் காட்டினால் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் சொல்லும். அதாவது ஆபத்தைக் குறைத்துச் சொல்லும். ஆகவே டயோடு தலைக்கு ஓர் எண் போதாது. 400-லிருந்து 1100 நானோமீட்டர் வரை ஒரு முழு அட்டவணையே வேண்டும்.

அந்த அட்டவணை எங்கே இருந்தது? முதலில் தலையோடு வந்த தாளில், பேனாவால் எழுதியோ அச்சிட்டோ. தலையின் முதுகில் ஒட்டிய சீட்டில் ஒரு வரி. மீட்டரில் ஒரு திருகு. சீட்டைப் பார்த்து மனுஷன்தான் திருக வேண்டும். பல இடங்களில் ஒரு தலையையும் ஒரு மீட்டரையும் ஜோடியாகவே அளவுத்திருத்தம் செய்து அனுப்பினார்கள். மெலோனி காலத்துக் கல்யாணம் தொடர்ந்தது. மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தலை வாட்டுக்கு 0.20 மில்லிவோல்ட் தருகிறது. மீட்டர் பழைய தலையின் ஞாபகத்தில் 0.25 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 10 வாட் லேசர் விழுந்தால் 2 மில்லிவோல்ட் வரும், மீட்டர் 8 வாட் என்று காட்டும். "குறையுதே" என்று நீங்கள் லேசரை ஏற்றுவீர்கள். திரையில் 10 வரும்போது உண்மையில் 12.5 வாட் போய்க்கொண்டிருக்கும். எந்த விளக்கும் எரியாது, எந்த மணியும் அடிக்காது. எதிரே இருப்பது வெல்டிங் தகடு என்றால் ஒரு தகடு வீண். தோல் சிகிச்சை லேசர் என்றால்?

இதற்குத் தீர்வாக வந்ததுதான் பிளக்கிலேயே ஞாபகம் வைக்கிற யோசனை. தலையிலிருந்து வருகிற வயரின் முனையில், பிளக் உறைக்குள், மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சின்ன இ.இ.ப்ராம் சிப். தலை என்ன ஜாதி, வரிசை எண் என்ன, உணர்திறன் எவ்வளவு, எந்த அலைநீளத்துக்கு என்ன திருத்தம், எவ்வளவு வாட் வரை தாங்கும், எல்லாம் அதற்குள். மாட்டியவுடன் மீட்டர் அதைப் படித்துக்கொள்ளும். எண் தாளிலிருந்தும் திருகிலிருந்தும் விடுபட்டுத் தலையோடேயே பயணம் செய்ய ஆரம்பித்தது. ஜோடிக் கல்யாணம் முடிந்தது, ஒரே மீட்டரில் பத்துத் தலை மாட்டலாம் என்றானது. சந்தேகமில்லாமல் பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வீட்டுக்குள் மட்டும்தான் இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது. பிளக் என்னவோ எல்லோருக்கும் ஒரே குடும்பம்தான்: அமெரிக்காவின் கேனன் நிறுவனம் 1952-ல் கொண்டுவந்த டி வடிவ இணைப்பான். தோர்லாப்ஸ் 9 ஊசியை எடுத்துக்கொண்டது. ஜெருசலேமின் ஓஃபிரும் கியூபெக்கின் ஜென்டெக்கும் 15 ஊசி. கோஹிரென்ட் 25 ஊசி. பதினைந்தும் பதினைந்தும் ஒரே வடிவம்தானே, மாட்டிப் பார்ப்போமே என்றால் நடக்காது. எந்த ஊசியில் குறி, எதில் சிப்பின் தகவல், சிப்புக்குள் எந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவரவர் வீட்டு ரகசியம். பழைய கம்ப்யூட்டர்களில் ஜாய்ஸ்டிக் மாட்டுகிற 15 ஊசித் துளை ஞாபகமிருக்கா? வடிவத்தை மட்டும் பார்த்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். வடிவம் பொருந்துவது பேச்சு பொருந்துவதாகாது.

பொதுப் பாஷை உருவாக்க முயற்சி நடக்காமல் இல்லை. சென்சாரே தன் ஜாதகத்தைச் சுமக்கட்டும், எந்த நிறுவனத்தின் கருவியும் அதைப் படிக்கட்டும் என்று ஐ.இ.இ.இ-1451 என்ற தரவரிசை 1990-களின் பின்பாதியிலிருந்து பகுதி பகுதியாக வந்தது. அதிர்வு, அழுத்தம் அளக்கிற உலகத்தில் அதற்கு ஓரளவு வரவேற்பு இருந்தது. லேசர் தலைகள் பக்கம் அவரவர் பிளக் அவரவருக்கு என்றே தொடர்ந்தது. என்னைக் கேட்டால் காரணம் தொழில்நுட்பம் இல்லை. தலை வாங்கியவர் மீட்டரையும் நம்மிடமே வாங்கட்டும் என்பதுதான்.

இந்தப் பக்கம் இப்படியென்றால், மீட்டருக்கும் கணினிக்கும் நடுவே வேறொரு கதை. இங்கே ஆச்சரியமாகப் பொதுத்தரம் ஜெயித்தது. ஆர்.எஸ்-232 என்கிற தொடர் இணைப்புத் தரம் வெளிவந்ததும் 1960-ல்தான், லேசர் பிறந்த அதே வருஷம். ஒருவரையொருவர் சந்திக்க அவற்றுக்கு வெகுகாலம் ஆயிற்று. முதலில் முந்தியது ஹியூலெட்-பேக்கர்ட் தன் கருவிகளுக்காக உருவாக்கிய இணைப்பு. 1975-ல் அது ஐ.இ.இ.இ-488 என்ற பொதுத்தரமானது. கட்டை விரல் தடிமன் கேபிள், 24 தொடுமுனை, ஒரு பிளக்கின் முதுகிலேயே இன்னொரு பிளக்கைச் சவாரி ஏற்றலாம். ஒரே பாதையில் 15 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் சின்னச் சுவிட்சுகளால் முகவரி. சாதாரணக் கணினியில் இதற்குத் துளை கிடையாது, தனி அட்டை வாங்கிச் செருக வேண்டும். பணம் இருந்த ஆய்வுக்கூடங்கள் இதில் போயின. மற்றவர்கள் ஆர்.எஸ்-232-ல் மாட்டி, இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் இடம் மாறியிருக்கிறதா என்று மல்லுக்கட்டினார்கள்.

கம்பி ஒன்றானால் மட்டும் போதுமா? கட்டளையும் ஒன்றாக வேண்டுமே. 1990-ல் வந்த ஸ்கிப்பி என்ற கட்டளைத் தரம் அதற்காகத்தான். மனிதருக்கே படித்தால் புரிகிற சொற்களில் 'அளவைச் சொல்', 'அலைநீளத்தை இத்தனையாக வை' என்று கேட்கலாம். தோர்லாப்ஸ் மீட்டர்கள் இன்றும் அதைப் பேசுகின்றன. எல்லோரும் பேசுவதில்லை.

1996-ல் யு.எஸ்.பி. வந்த பிறகு நடந்தது இன்னும் பெரிய மாற்றம். மீட்டரே சுருங்கி வயருக்குள் போய்விட்டது. தலை, வயர், நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா, முனையில் யு.எஸ்.பி. பிளக். திரை கணினியில். விலை குறைவு, மேஜையில் இடம் மிச்சம். ஆனால் 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஏறாது. தலை நன்றாக இருக்கும், சிப்பில் எண் பத்திரமாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது. 1970-களின் மீட்டரின் பின்பக்கம் அனலாக் வெளியீடு என்று ஒரு வட்டத் துளை இருக்கும். அளவுக்கு ஏற்ப மின்னழுத்தம் வரும். ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டரை மாட்டினாலும் இன்றைக்கும் படிக்கலாம். பழைய கருவி வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: அந்தத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தலையின் முதுகில் சீட்டு கிழியாமல் இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். சீட்டில் எண் இருந்தால் தெர்மோபைல் தலையை யாருடைய மீட்டரும் இல்லாமலேயே ஒரு நல்ல மில்லிவோல்ட்மீட்டர் வைத்துப் பிழைக்க வைக்கலாம்.

சிப்பை நம்புவதிலும் ஒரு வரம்பு உண்டு. அதில் இருப்பது தொழிற்சாலையில் அளந்த அன்றைய எண். அதற்கப்புறம் யாரோ லேசரைக் குறுக்கிக் குவித்துக் கருப்புப் பூச்சில் ஒரு வெள்ளைத் தழும்பு போட்டுவிட்டால், அந்த இடம் ஒளியை முன்போல விழுங்காது. சிப்புக்கு அது தெரியாது. மூன்று சதவீதத் துல்லியம் என்று விற்ற தலை என்ன சதவீதத்தில் இருக்கிறது என்பது மறுபடி அளவுத்திருத்தத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்காரர்களின் தலைவலி என்று நினைத்தால், 2010-ல் அதே அமெரிக்கத் தரநிலையம் (இப்போது அதன் பெயர் நிஸ்ட்) வெளியிட்ட ஒரு சிறு அறிக்கையைச் சொல்ல வேண்டும். விஷயம் கையடக்கப் பச்சை லேசர் பாயின்டர். உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒன்று ஒரு படிகத்தை உசுப்பி 1064-ஐ உண்டாக்கும், இன்னொரு படிகம் அதை 532 பச்சையாக்கும். மிஞ்சுகிற அகச்சிவப்பைத் தடுக்கக் கண்ணாடி வடிகட்டி ஒன்று முன்னால் இருக்க வேண்டும். மலிவான ஒரு பாயின்டரில் அது இல்லை. பச்சை மங்கலாகத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு பச்சையை விடப் பத்து மடங்கு கொட்டியது. பிரகாசமான பச்சை பட்டால் கண் தானாக இமைத்துக்கொள்ளும். அகச்சிவப்புக்கு இமைக்காது.

இதைச் சாதாரண டயோடு தலையில் 532 என்று அமைத்து அளந்தால் என்ன வரும்? டயோடு இரண்டையும் சேர்த்து வாங்கும். பச்சையின் அட்டவணை எண்ணால் வகுத்து ஒரே ஒரு எண் காட்டும். அந்த எண் பச்சையின் அளவும் இல்லை, மொத்தத்தின் அளவும் இல்லை. சிப், பிளக், டிரைவர் எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகும் வருகிற பொய் இது. 2013-ல் நிஸ்ட் 122 பாயின்டர்களைச் சோதித்தபோது வைத்திருந்தது ஒரு லேசர் பவர் மீட்டரும் இரண்டு ஒளி வடிகட்டிகளும்தான். வடிகட்டியை மாற்றி மாற்றி வைத்து எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று பிரித்தார்கள். பச்சைப் பாயின்டர்களில் ஏறக்குறைய 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன.

இப்போது பெரிய லேசர்களின் பக்கம் வேறு வேலை நடக்கிறது. கிலோவாட் கணக்கில் வெல்டிங் செய்கிற லேசரை உறிஞ்சி அளப்பதென்றால் தண்ணீர் ஓடும் பெரிய அடுப்பு மாதிரிக் கருவி வேண்டும். அளக்கிற நேரத்தில் லேசரை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. போல்டரில் இப்போது ஒளியை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒளிக்குத் தள்ளுவிசை உண்டு என்பதை ரஷ்யாவின் லெபெதெவ் 1900-களின் தொடக்கத்திலேயே சோதனையில் காட்டிவிட்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் விசை, சக்தியின் இரண்டு மடங்கை ஒளியின் வேகத்தால் வகுத்தது. ஒரு கிலோவாட்டுக்கு 6.67 மைக்ரோநியூட்டன், எடையாகச் சொன்னால் 0.68 மில்லிகிராம், சர்க்கரைப் பரல் ஒன்று அளவு. நுண்தராசு ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, தட்டுக்குப் பதில் கண்ணாடியைப் பொருத்தி, அதில் பல கிலோவாட் லேசரை விட்டார்கள். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பித் தன் வேலைக்குப் போய்விடுகிறது. அளப்பதும் வெல்டிங்கும் ஒரே நேரத்தில். பிறகு அதையே சின்ன சிலிக்கான் தகடாகச் சுருக்கினார்கள்: சுருள்வில்லில் தொங்கும் கண்ணாடி, அதன் பின்னால் ஒரு தலைமுடி அளவு இடைவெளியில் இன்னொரு தகடு. ஒளி தள்ளும்போது இடைவெளி குறைகிறது, மின்தேக்குத்திறன் மாறுகிறது, அதிலிருந்து வாட். லேசர் இயந்திரத்துக்குள் எப்படியும் இருக்கிற திருப்புக் கண்ணாடிகளில் ஒன்றின் இடத்தில் இதை வைத்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம்.